தாடைக்கட்டு

மாலை ஆறே முக்கால் மணி. சிதறால் மலையடியில் இருந்து கிழக்கே போகிற ஒற்றை ரோடு. ரெண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். மழை விட்டுப் பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது... இலைகளில் தங்கிய தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கரண்ட் இல்லை. இறக்கிவிட்டுப் போன பஸ்ஸின் சத்தமும் அடங்கிவிட்டது.

அந்த ரோட்டில் ஒரு பெண் தனியாக நடந்து வருகிறாள். தாடையைச் சுற்றி ஒரு தோர்த்து, அதாவது மெல்லிய துவாலை. உச்சந்தலையில் முடிச்சு. வாய்க்குள் பஞ்சு.

இது எங்கேயோ யாருக்கோ நடந்தது இல்லை. நம்ம ஸ்டெனியின் பெரியம்மா ஜாஸ்பினுக்கு நடந்தது. ஸ்டெனி இதோ, அந்த மூலையில் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கிறான். எங்கேயாவது கூட்டிச் சொன்னால் அவனே தடுப்பான். கதவைச் சாத்துங்கள், சாரல் அடிக்கிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

ஜாஸ்பின் ஹோம் நர்ஸ். படுக்கையில் விழுந்துவிட்ட முதியவர்களை அவர்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிற வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள், அஜிஷா, மார்த்தாண்டத்தில் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். அன்று சாயங்காலம்தான் ஜாஸ்பினுக்குக் கீழே வலப்பக்கத்துக் கடைவாய்ப் பல்லை எடுத்திருந்தார்கள். "சுகர் உண்டுமா?" என்று டாக்டர் கேட்டபோது இல்லை என்று தலையாட்டிவிட்டாள். உண்டு என்றால் இன்றைக்கு எடுக்காமல் திருப்பி அனுப்புவார்கள், இன்னொரு நாள் வேலைக்கு லீவு கேட்க வேண்டும்... அவ்வளவுதான் காரணம். ஒரு மணி நேரம் பஞ்சைக் கடித்துப் பிடிக்க வேண்டும், வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். குளிர்காற்று படாமல் இருக்கத் தோர்த்தை அவளே கட்டிக்கொண்டாள்.

சின்ன வளைவு ஒன்று. அதைத் தாண்டினால் ஓடைக்கு மேலே ஒரு கலுங்குப் பாலம். பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாக யாரோ நிற்கிறார்கள்.

வயதான பெண். வெள்ளை முண்டு. தலையைக் குனிந்து நின்றாள். அவள் தாடையைச் சுற்றியும் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது.

ஜாஸ்பினுக்குப் பயம் வரவில்லை. கேளுங்கள், அதுதான் விசேஷம். பாவம், இவளும் பல் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள் என்றுதான் தோன்றியது. கண்ணாலேயே சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. மெதுவாகக் கையைத் தூக்கி, தன் தலையில் இருந்த முடிச்சைத் தொட்டுக் காட்டினாள். விரல்களால் இழுப்பதுபோல் ஒரு சைகை.

அவிழ்த்துவிடு.

ரொம்ப இறுக்கிக் கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஜாஸ்பின் பக்கத்தில் போனாள். அப்போதுதான் வாடை வந்தது. மூட்டுக்குத் தேய்க்கிற தைலம்... அதோடு டெட்டால்... அடியில் அழுகின பிச்சிப்பூ. அந்த வாடையை அவளுக்குத் தெரியும். மூக்கு சொன்னது மூளைக்கு எட்டுவதற்குள் விரல் முடிச்சில் பட்டுவிட்டது.

இடது காதுக்கு மேலே, ரெண்டு சுருக்கும் தட்டையாக அழுத்தி ஒதுக்கிய முடிச்சு. மேலே பூ வைத்தால் வெளியே தெரியாது. செத்தவர்களுக்கு அப்படிக் கட்டுகிற பழக்கம் ஜாஸ்பினுக்கு மட்டும்தான் உண்டு.

அது அவள் கட்டிய முடிச்சு.

துணிக்கு அடியில் தாடை அசைந்தது. முடிச்சில் இருந்த ஜாஸ்பினின் விரலை இழுத்து... ஒரு தடவை. இன்னொரு தடவை.

கத்த வேண்டும். வாய்க்குள் பஞ்சு. பல்லோடு பல் இறுகிக் கிடக்கிறது. ஜாஸ்பின் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கேயோ போய்விட்டது. வீட்டுப் படியில் வந்து விழுந்தபோது அஜிஷா விளக்கை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னம்மா? எதுக்கு இப்பிடி ஓடி வந்த? பட்டி கொரச்சிட்டுக் கடிக்க வந்துதா?"

ஜாஸ்பின் தோர்த்தைப் பிய்த்து எறிந்துவிட்டு வாயைத் திறந்தாள். ரெண்டு விரல் அகலம்தான் திறந்தது. அதற்குமேல் வரவில்லை. பஞ்சை அஜிஷாதான் விரலை விட்டு எடுத்தாள்.

"ஒண்ணுமில்ல மக்களே" என்று மகளிடம் சொன்னாள் ஜாஸ்பின். "இருட்டிப் போச்சுல்லா, அதான்."

சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது.

ரெண்டு மாதத்துக்கு முன்பு அதே ரோட்டில், கலுங்குக்கு மேற்கே உள்ள வீட்டில் அவளுக்கு வேலை. பகவதியம்மாள், எண்பத்தொரு வயது, பக்கவாதம். ஒரே மகன் மகேஷ்குமார் சவுதியில் இருந்து வந்திருந்தான். ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று டாக்டர் சொல்லி வரவழைத்தது. வந்து இருபத்தாறு நாள் ஆகிவிட்டது. லீவை ரெண்டு தடவை நீட்டிவிட்டான். இனி நீட்டினால் வேலை இருக்காது. நல்ல பிள்ளைதான். அம்மாவுக்கு அவனே உடம்பு துடைத்துவிடுவான். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் தேதியைப் பார்த்துப் பார்த்து வைப்பான்.

அன்று மத்தியானம் ஒன்றரை மணி. மூச்சு நின்றது. ஜாஸ்பின் கையைப் பிடித்துப் பார்த்தாள். நாடி இல்லை... இல்லை என்றுதான் தோன்றியது. மூன்று நாளாகத் தூங்காத கை. என்னத்தைத் தெரியும்? வாய் ஆவென்று திறந்து கிடந்தது. மகேஷ்குமார் டாக்டருக்கும் சொந்தக்காரர்களுக்கும் போன் போட்டுவிட்டு உள்ளே வந்தான்.

"அக்கா, அம்மைக்க வாய கெட்டிருங்க. ஆளு வரதுக்கு முன்ன கெட்டிருங்க. இப்பிடிப் பாக்க என்னால முடியல்ல."

"டாக்டர் வந்து பாக்கட்டும் தம்பி."

"பாத்து இனி என்னக்கா... கெட்டுங்க."

வெள்ளை வேட்டியின் கரையைக் கிழித்தாள். தாடைக்கு அடியில் கொடுத்து, தலைக்கு மேலே கொண்டுவந்து, இடது காதுக்கு மேலே சுருக்குப் போட்டாள். இடது உள்ளங்கை தொண்டையில் இருந்தது. அந்தக் கைக்கு அடியில்...

தொண்டை ஏறி இறங்கியது.

'ம்...' என்று ஒரு சத்தம். காதில் கேட்டதா, கையில் கேட்டதா, தெரியாது. தாடை துணியை முட்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

ஜாஸ்பின் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். அவள் முடிச்சை இறுக்கினாள். கால் மணி நேரம் கழித்து வந்த டாக்டர், "போயாச்சு" என்றார். அவ்வளவுதான். மறுநாள் எரித்தார்கள். நாலாம் நாள் மகேஷ்குமார் விமானம் ஏறினான்.

பல் எடுத்த மூன்றாம் நாள் வலி ஆரம்பித்தது. சாதாரண வலி இல்லை. குழியில் இருந்து கிளம்பி, காதுக்குள் ஏறி, கண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிற வலி. அஜிஷா டார்ச் அடித்துப் பார்த்தாள். பல் இருந்த இடத்தில் ரத்தம் உறைந்து மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. குழிக்கு அடியில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. கிராம்பு மணக்கிற மருந்தை வைத்து அடைத்தார்கள். மாத்திரை மாற்றினார்கள். வாய் நாளுக்கு நாள் சுருங்கியது. ரெண்டு விரல், ஒன்றரை, ஒன்று... மூன்றாவது வாரம் கஞ்சித் தண்ணீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சினாள். கன்னம் வீங்கிப் பளபளத்தது. கீழுதடு மரத்துப்போனது. தொட்டால், யாருடைய உதட்டையோ தொடுவதுபோல் இருந்தது.

அதோடு அந்தச் சத்தம். வெளியே இருந்து வரவில்லை. காதைப் பொத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்டது. தாடை எலும்புக்குள்ளே இருந்து...

'ம்... ம்...'

ஒரு நாள் அஜிஷா வேலைக்குப் போன பிறகு, மாத்திரை மயக்கத்தில் தூங்கிவிட்டாள். முழிப்பு வந்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஒன்றரை. முகத்தில் ஏதோ ஈரம். கையை வைத்துப் பார்த்தாள். தோர்த்து. காலையில் துவைத்து அவளே பின்புறக் கொடியில் காயப்போட்டது. சோப்பு வாடைகூடப் போகவில்லை. அது தாடைக்கு அடியில் இருந்து தலைக்கு மேலே போய்... இடது காதுக்கு மேலே... தட்டையாக ரெண்டு சுருக்கு.

இழுத்தாள். வரவில்லை. நகத்தை விட்டுக் கிளறினாள். ஈரத்துணி, முடிச்சு கல்லாக இருந்தது. இழுக்க இழுக்க இறுகியது. பல்லோடு பல் நெரிந்தது. மூக்கு வழியாக மட்டும் மூச்சு. அழுததில் மூக்கும் அடைத்துக்கொண்டு வந்தது. கதவைத் திறந்து முற்றத்துக்கு ஓடினாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தேவகனி, பக்கத்து வீட்டுக்காரி, விறகு அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜாஸ்பின் வேலியைப் பிடித்து உலுக்கினாள். முடிச்சைக் காட்டினாள். விரலால் இழுத்து இழுத்துக் காட்டினாள்.

அவிழ்த்துவிடு.

தேவகனி நிமிர்ந்து பார்த்தாள். "வேதன கூடுதலா அக்கா? பாவம். நல்லா கெட்டிட்டுக் கெடங்க, அசையப்பிடாது. நான் பெறவு கஞ்சி கொண்டு தாறேன்." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஜாஸ்பின் வேலியைப் பிடித்தபடி நின்றாள். அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. கலுங்கு ஓரத்தில் நின்றவள் எத்தனை பேரிடம் இப்படிக் காட்டியிருப்பாள்...

கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தாள். காதின் மேல்விளிம்பும் கொஞ்சம் போயிற்று. அந்தத் தழும்பு இப்போதும் இருக்கிறது. இல்லையா ஸ்டெனி? பாருங்கள், தலையாட்டுகிறான்.

மறுநாளே நாகர்கோவிலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை முன்னூற்று எண்பது. தாடையை ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் லிஜா என்று ஒரு சின்ன வயதுப் பெண், அறுவை சிகிச்சை செய்கிறவர், பக்கத்துப் புதுக்கடை ஊர்க்காரர். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அஜிஷாவுக்குக் காட்டினார்.

"பல்லு எடுத்த குழி வழியா கிருமி எலும்புக்குள்ள போயிருக்கு. சுகர் கூடுதலா இருந்ததுனால ஆறல்ல. இந்தா, இந்தத் துண்டு தனியாத் தெரியுதில்லியா? இது செத்த எலும்பு. உயிருள்ள எலும்புக்குள்ள செத்தது இருந்தா, உடம்பு அத வெளிய தள்ளத்தான் பாக்கும். நாம எடுத்துக் குடுத்திரணும்."

கட்டிலில் படுத்திருந்த ஜாஸ்பினுக்கு ரெண்டு வார்த்தைதான் காதில் விழுந்தது. உயிருள்ளதுக்குள்ளே செத்தது.

அன்று சாயங்காலம் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுத்து கோணல் மாணலாக வந்தது. மகளிடம் நீட்டினாள்.

'நான் வாய கெட்டும்போ பகவதியம்மாளுக்கு உயிர் இருந்துது. எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்சும் கெட்டினேன்.'

அஜிஷா படித்தாள். திரும்பவும் படித்தாள். வார்டில் அடுத்த கட்டிலில் இருந்தவர்களைப் பார்த்தாள். சீட்டை நாலாக மடித்து, பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அம்மா, இது யாருக்கும் தெரியப்பிடாது. கேட்டியா? போலீசு, கேசு... பெறவு உன்ன எந்த வீட்டுல ஏத்துவாவ? செத்தவிய செத்தாச்சு. இனி இதப் பற்றி ஒரு வார்த்த வரப்பிடாது."

மகள் பாசத்தில்தான் சொன்னாள். ஆனால் ஜாஸ்பினுக்குத் தாடையில் இன்னொரு சுற்றுத் துணி விழுந்ததுபோல இருந்தது. எலும்புக்குள்ளே அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. இப்போது அது வெறும் 'ம்' இல்லை. உதடு சேர்ந்து, நாக்கு புரண்டு, ஒரு வார்த்தைக்கு முண்டுகிற சத்தம்.

சர்க்கரை இறங்க ஆறு நாள் ஆயிற்று. ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு ஆபரேஷன்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். வாய் திறக்காத ஆளுக்கு மயக்க மருந்து கொடுப்பது கஷ்டம். மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு, தொண்டையில் குரல் பிறக்கிற இடத்தையும் தாண்டி, மூச்சுக்குழாய்க்குள் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மூச்சு முழுவதும் அந்தக் குழாய் வழியாகத்தான். அது உள்ளே இருக்கிற வரை எப்பேர்ப்பட்ட ஆளாலும் சத்தம் எழுப்ப முடியாது. ஒரு முனகல்கூட முடியாது.

மருந்து ஏறியதும் சதை தளர்ந்தது. டாக்டர் லிஜா இரும்புக் கருவியை வைத்து மெதுவாக விரித்தார். இருபத்தொன்பது நாள் பூட்டிக் கிடந்த தாடை, ஒரு சொடுக்குச் சத்தத்தோடு, முழுதாகத் திறந்தது.

உள்ளே இருந்த நாலு பேருக்கும் கேட்டது.

வயதான குரல். நிதானமாக, ரொம்ப நேரம் காத்திருந்த ஆள் கேட்பதுபோல.

"வெள்ளம் தா மக்களே..."

நர்ஸின் கையில் இருந்த தட்டு விழுந்தது. மயக்க மருந்து கொடுத்த டாக்டர் திருச்சிக்காரர். குழாயைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது. "யாருங்க பேசினது? எங்க வெள்ளம் வந்திருக்கு?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாது. குடிக்கிற தண்ணீரைத்தான் இந்தப் பக்கத்துப் பழைய ஆட்கள் வெள்ளம் என்பார்கள் என்பது டாக்டர் லிஜாவுக்குத் தெரியும். அவர் நகம் அளவுக்கு இருந்த அந்தச் செத்த எலும்பை எடுத்துக் குப்பியில் போட்டுவிட்டு, தையல் போட்டு முடித்தார்.

வெளியே வந்ததும் அஜிஷாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அம்மாக்க கூட... வீட்டுல வயசான ஆளு யாராவது இருந்தாவளா? சமீபத்துல இறந்துபோனவிய?"

"எதுக்கு டாக்டர்?"

டாக்டர் லிஜா நடந்ததைச் சொன்னார். அஜிஷாவின் கை பையின் ஜிப்பில் போய் நின்றது.

ஜாஸ்பினுக்கு முழு நினைவு வந்தது மறுநாள். மகள் சொன்னதைக் கேட்டதும் பழசு நினைவுக்கு வந்தது. கடைசி மூன்று நாளும் பகவதியம்மாளுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கொடுத்தால் நெஞ்சுக்குள் போய்விடும். உதட்டை மட்டும் நனைத்தார்கள். கிழவி நனைத்த துணியைப் பல்லில்லாத ஈறால் கவ்விப் பிடிப்பாளாம். அவளுடைய தொண்டை ஏறி இறங்கியது எதற்காக என்று இப்போது தெரிந்துவிட்டது.

அஜிஷா பையைத் திறந்து அந்தச் சீட்டை எடுத்தாள். அம்மாவின் கையில் வைத்தாள். "சொல்லிரும்மா. அவியளுக்க மகன்ட்ட சொல்லிரு. பெறவு என்ன வந்தாலும் பாக்கலாம்."

வாய் ஒன்றரை விரல் அகலம் திறக்க ஐந்து நாள் ஆனது. ஆறாம் நாள் மத்தியானம், வார்டின் வராந்தாவில் உட்கார்ந்து, ஜாஸ்பின் சவுதிக்குப் போன் போட்டாள். அஜிஷா பக்கத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் இதெல்லாம் ஸ்டெனிக்குத் தெரியும்.

"யாரு, ஜாஸ்பின் அக்காவா? சொகமா இருக்கியளா?"

"தம்பி... உனக்கிட்ட ஒரு காரியம் சொல்லணும். நான் சொல்லி முடிக்கது வர ஒண்ணும் பேசாத."

சொன்னாள். கை தொண்டையில் இருந்தது, தொண்டை அசைந்தது, சத்தம் கேட்டது, முடிச்சை இறுக்கியது. எதையும் விடவில்லை. வலித்தது. தையலில் ரத்தம் கசிந்து நாக்கில் உப்புக் கரித்தது. நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம் ஏசியின் இரைச்சல் மட்டும்.

"தம்பி? கேக்கியா?"

"கேக்கேன் அக்கா."

"என்ன வேணும்னாலும் ஏசு. போலீசுல சொல்லணும்னா சொல்லு."

"எதுக்குக்கா..." என்றான் அவன். "நான் கட்டிலுக்கக் கால்மாட்டுலதான நின்னேன். அம்மைக்கத் தொண்ட அசைஞ்சத நானும் பாத்தேன். பாத்திட்டுத்தான்... ஜன்னல் பக்கம் திரும்பி நின்னேன்."

ரெண்டு பேரும் அப்படியே போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் ஒரு சத்தம் கேட்டது. அவன் போனுக்கு ரொம்பப் பக்கத்தில்.

மடக்... மடக்... மடக்...

யாரோ தண்ணீர் குடிக்கிறார்கள். அவசர அவசரமாக. மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடியும்.

"தண்ணி குடிக்கியா தம்பி?"

"இல்லியேக்கா."

"பெறவு... கூட யாரு?"

"யாரும் இல்ல. எல்லாரும் டூட்டிக்குப் போயாச்சு. ரூமுல நான் மட்டுந்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்தினான்.

மடக்... மடக்...

பிறகு ஒரு நீளமான பெருமூச்சு. காலி டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம். டக்.

ஏசி இரைந்துகொண்டே இருந்தது. மகேஷ்குமாரின் குரல் வந்தது. உதட்டை அசைக்காமல் பேசுவதுபோல, அவ்வளவு மெல்ல.

"அக்கா... போன மட்டும் வச்சிராதீங்க."